கேக் வராத பிறந்தநாள்

எங்கள் அலுவலகத்தில் யாருக்குப் பிறந்தநாளோ அவர்தான் கேக் கொண்டுவர வேண்டும். பீல் நகரத்தில் எங்கு வேலை பார்த்தாலும் அப்படித்தான். காலைக் காபி மேசையில் கேக் இருந்தால் வாழ்த்துவோம். இல்லாவிட்டால் வாயைத் திறக்க மாட்டோம். யாருக்கு என்றைக்கு என்று காபி அறைக் காலண்டரில் குறித்துவைப்பவர் மார்லீஸ் ஷ்வாப்.

பாலங்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுத் தரும் சின்ன நிறுவனம் எங்களுடையது. சம்பளம், விடுப்பு, பெர்மிட் எல்லாம் மார்லீஸ் கையில். ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். கடையில் முட்டைப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு முட்டையாகத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார். வானொலியில் வெயில் என்று சொன்னால் குடை எடுப்பார். அவருடைய கணவர் தோட்டக் கொட்டகைக்குப் பின்னால் வருடக்கணக்கில் ஒளிந்து சிகரெட் பிடித்துவந்தார். மார்லீஸுக்கு முதல் வாரமே தெரியும்.

"அப்புறம் ஏன் கேக்கல?" என்றேன் ஒருமுறை.

"கேட்டா அதோட முடிஞ்சிரும். வேற என்னல்லாம் மறைக்கிறார்னு எப்படித் தெரியும்?"

அந்த மார்லீஸிடம்தான் ரெனாத்தோ மாட்டினான். சிலி நாட்டு எஞ்சினியர். வெளிநாட்டில் வேலை பழக வரும் இளைஞர்களுக்கான பெர்மிட்டில் பிப்ரவரியில் வந்தவன். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பெர்மிட் கிடையாது. ஒரு வருடம் முடிந்ததும் நிறுவனம் விண்ணப்பித்தால் இன்னும் ஆறு மாதம் கிடைக்கும். அந்த ஆறு மாதம் அவனுக்கு வேண்டியிருந்தது. ஆரே ஆற்றின் பழைய இரும்புப் பாலத்தைப் பலப்படுத்தும் வேலையில் கணக்கு முழுவதும் அவனுடையது. ஏப்ரலில் அதன்மேல் லாரிகளை நிறுத்திச் சோதிப்பார்கள். தான் கணக்குப் போட்ட பாலம் பாரம் தாங்குவதைப் பார்க்காமல் ஊர் திரும்ப அவனுக்கு மனமில்லை.

நவம்பரில் அவன் பிறந்தநாள் வந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். கையில் ஒன்றுமில்லை. காபி மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த நாங்கள் அவன் கையைப் பார்த்தோம். அவன் கதவைப் பார்த்தான். ஒருவரும் வாழ்த்தவில்லை. காபி ஆறியது.

மேசைக்குத் திரும்பியதும் மார்லீஸ் என் பக்கம் குனிந்தார். "நொயெமி, பொறந்த நாளை எவனாவது மறப்பானா?"

"வேலை மும்முரமா இருக்கும்."

"சட்டைய மறக்கலையே. அது வேஷம். தேதி அவனோடது இல்ல. அதான் விஷயம். தேதி பொய்னா வயசும் பொய். அந்த மண்டையப் பாரு, முப்பத்து நாலு வயசு மண்டையா அது?"

ரெனாத்தோவுக்கு முன்பக்கம் முடி குறைவுதான். எனக்கும் ஒரு கணம் உறுத்தியது. மார்லீஸ் அவனுடைய ஆறு மாத விண்ணப்பத்தை அனுப்பாமல் எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

பிறகு விசாரணை தொடங்கியது. முதலில் பார்த்த உலகக் கோப்பை எது, பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் இருந்ததா, அம்மாவுக்குக் கல்யாணம் ஆனபோது என்ன வயது என்றெல்லாம் காபியோடு காபியாகக் கேட்டார். அவன் சொன்னதெல்லாம் கணக்குக்குச் சரியாக வந்தது. "பாடம் பண்ணி வச்சிருக்கான்," என்றார்.

டிசம்பரில் ஒருநாள் ரெனாத்தோ என்னைப் படிக்கட்டில் நிறுத்தினான். "நொயெமி, என்னைத் திருப்பி அனுப்பப் போறீங்க, அப்படித்தானே?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேண்டாம். பொறந்த நாளன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. எங்க ஊர் ஆபீஸ்ல கூட வேலை செய்யறவங்கதான் கேக் வாங்கி ஒளிச்சு வைப்பாங்க. நான் சாயங்காலம் வரைக்கும் பாத்தேன். இங்க பிடிக்காத ஆளா இருந்தாலும் ஒரு வாழ்த்துகூடவா சொல்லமாட்டாங்க?"

நான் நேராக மார்லீஸிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல கதை. உன்கிட்ட ஏன் சொன்னான்? நீ நம்புவேன்னு."

ஆனால் மறுநாள் காபிக்கு எல்லோரும் இருக்கும்போதே கேட்டார். "ரெனாத்தோ, உங்க ஊர்ல கேக் யாரு செலவு?"

"மத்தவங்க. பொறந்த நாள்காரன் மெழுகுவத்திய ஊதினாப் போதும்."

வரைபடம் போடும் ஊலி கோப்பையைக் கீழே வைத்தார். "அடப்பாவி. அப்ப ஒரு மாசமா எங்களையெல்லாம் கஞ்சப் பயலுகன்னுதான் நெனச்சிட்டிருந்தியா?"

"நீங்க?"

"நாங்க உன்னைத்தான் அப்படி நெனச்சோம்."

அடுத்த நாள் அவன் சுண்டக் காய்ச்சிய பால் இனிப்பைத் தடவி அடுக்கிய கேக் ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தான். மார்லீஸ் தன் துண்டின் அடுக்குகளைக் கத்தியால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். முழுவதும் சாப்பிட்டார். அன்று மதியம் விண்ணப்பத்தைக் கணினியில் அனுப்பினார். கணினியை நம்பாமல் தபாலிலும் சேர்த்தார். பெர்மிட் வந்தது.

ஏப்ரலில் சோதனையைப் பார்க்க நாங்கள் எல்லோரும் போனோம். கல் ஏற்றிய லாரிகள் பாலத்தின் நடுவில் வரிசையாக நின்றன. ரெனாத்தோ அவற்றுக்கிடையே நின்று அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல வெயில். மார்லீஸ் குடையோடு கரையிலேயே நின்றார்.

"வாங்க மார்லீஸ், தாங்குது," என்று கத்தினான்.

"கணக்கு நீ போட்டது. நீயே நில்லு," என்றார் மார்லீஸ். "லாரியெல்லாம் எறங்கட்டும், வரேன்."

கடைசி லாரி இறங்கும்வரை அவர் அசையவில்லை. பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குடையால் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தபடி, அவன் நின்ற இடம்வரை நடந்து போனார்.