வைரவருக்கு வைத்த சிரட்டை

அன்று கொட்டிலில் இருந்தவர்கள்: அத்தான், அவருடைய தம்பி, மாட்டுக் கரத்தைக்காரர், பூசாரியார், நான். வெளியே பாலை மரத்தடியில் வைரவர் கல். கல்லின் முன் ஒரு சின்னத் தேங்காய்ச் சிரட்டை.

மழை பொய்த்து வயல் விதைக்காத வருடங்கள். மாங்குளத்துக்கு மேற்கே காட்டுக்குள் கசிப்பு, கள்ளச் சாராயம், காய்ச்சினோம். ஒவ்வொரு பானையிலும் முதலில் சொட்டுவதைச் சிரட்டையில் பிடித்து வைரவருக்கு ஊற்றுவது வழக்கம். ஊற்றாமல் ஒருவரும் வாயில் வைப்பதில்லை. ஏன் என்று கேட்டதும் இல்லை.

அத்தான், என் அக்காவின் புருசன், நெல்லு மில்லில் எஞ்சின் பார்த்தவர். பானையை இறக்கிக் கழுவி மறுபடி ஏற்றுவது அவருக்குப் பிடிக்காது. நின்று நின்று ஓடுவது எஞ்சினே இல்லை என்பார். ஆள் உயரத்துக்கு மேலான இரும்புக் குழாய் ஒன்றை நிமிர்த்தி, உள்ளே கூழாங்கல் நிரப்பினார். கீழே பீப்பாயிலிருந்து நீராவி ஏறும். மேலிருந்து கோடா, புளித்த ஊறல், நூல் போல இறங்கும். இரண்டும் கல்லுக்குள் சந்திக்க, சாராய ஆவி மேலே போய்ச் செப்புக் குழாயில் குளிர்ந்து சொட்டும். ஊற்ற ஊற்ற நிற்காது.

தொடங்கிய அன்று ஒரு சிரட்டை ஊற்றினார். அதற்குப் பிறகு இல்லை. நாங்கள் ஐவரும் கூடிய அந்த மாலையும் அது நிற்காமல் சொட்டிக்கொண்டிருந்தது. வைரவருக்கு எங்கே என்று பூசாரியார் கேட்டார்.

"ஒருக்காக் குடுத்தாச்சு ஐயா. இதில இனி முதலுமில்லை, கடைசியுமில்லை. நெடுகக் குடிக்க அவரென்ன என்ர மாமனோ?"

அவருடைய மாமன் என் அப்பா. நானும் சிரித்தேன்.

பூசாரியார் தொடவில்லை. எனக்கு நடுக்கக் காய்ச்சல். மற்ற மூவரும் குடித்தார்கள்.

மறுநாள் மத்தியானம் அத்தான் பாயில் கிடந்தபடி அக்காவைக் கேட்டார்.

"இஞ்சரும், இன்னும் விளக்குக் கொளுத்தேல்லையோ?"

அக்கா கதவை அகலத் திறந்தா. வெயில் அவர் முகத்தில் விழுந்தது.

"கொளுத்துமன்" என்றார்.

தம்பியும் கரத்தைக்காரரும் ஆஸ்பத்திரியில் முடிந்தார்கள். அங்கே வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி ஐயா சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: சாராயத்தில் கெட்டது, கண்ணை எடுக்கிற நஞ்சு, முன்னுக்கு வரும். பானையில் காய்ச்சியபோது அது வைரவர் கல்லடியில் மண்ணுக்குப் போனது. அத்தானின் குழாயில் முன்னுக்கு என்று ஒன்று இல்லை. எல்லாத் துளியோடும் சேர்ந்து வந்தது.

அத்தான் பிறகும் கனகாலம் இருந்தார், பார்வை இல்லாமல். பின்னேரங்களில் பாலை மரத்தடிக்குக் கூட்டிப் போவேன். தடவிச் சிரட்டையை எடுத்து, தண்ணீர் நிரப்பி ஊற்றுவார்.

அந்தக் குழாய் இப்போது என் படலைக்குத் தூண். சிரட்டையும் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு பானைக்கு வைரவர் எவ்வளவு குடித்தார் என்று தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன்.

நாலு மிடறு.