வலி தெரியாமல் கொடுத்த ரத்தம்

கால் ரத்தக்குழாய் அடைபட்டு வருகிறவர்களின் ரத்தம் ஏன் அவ்வளவு அவசரமாக உறைகிறது, உடம்பு அதை எந்த இடத்தில் கட்டுப்படுத்தத் தவறுகிறது என்று பார்ப்பதுதான் தஞ்சாவூர் ஆய்வுக்கூடத்தில் என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவனே நான்தான். நோயாளிகளின் ரத்தம் மருத்துவமனையிலிருந்து வந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க, அதே வயதில் நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். "உங்க ஊர்ல ஆள் கிடைப்பாங்களா?" என்று என் ஆய்வை வழிநடத்தும் மேடம் கேட்டபோது பெருமையாகத் தலையாட்டினேன்.

அம்மாவும் அவளோடு நடவுக்குப் போகிற பெண்களும் வந்தார்கள். சம்பா நடவு நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில், வெறும் வயிற்றோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, அதற்கெல்லாம் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று நான்தான் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். எல்லோரும் இல்லை என்றார்கள். ஊசி ஏறும்போது ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை. "உங்க ஊர்க்காரங்க ரொம்ப தைரியம்," என்றார் மேடம். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் மஞ்சள் நீர், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் மிதப்பதால் கலங்கலாக இருக்கும். உறையத் தூண்டும் திரவத்தை ஒரு சொட்டு விட்டால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நீர் தெளியும், கணினித் திரையில் கோடு மேலேறும். அம்மாவின் ரத்தத்தில் கோடு ஏறவில்லை. அடுத்தவருடையதிலும் ஏறவில்லை. திரவம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து என் ரத்தத்தை எடுத்துப் பார்த்தோம். கோடு ஒழுங்காக ஏறியது.

மேடம் என்னைப் பார்த்தார். "ஆஸ்பிரின் ஏதாவது போட்டிருக்காங்களா? அது போட்டா தட்டணு ஒட்டாதே. கேட்டீங்களா?"

வராந்தாவுக்குப் போய் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஆமாப்பா, காலையில ஆளுக்கொண்ணு போட்டுக்கிட்டோம். உடம்புவலிக்குக் கடையில மடிச்சுக் குடுப்பான்ல, அதான். ஊசி குத்துறப்ப யாராச்சும் அய்யோ அம்மான்னு கத்திட்டா, மேடம் முன்னாடி உனக்குல்ல அசிங்கம்?"

கடைக்காரருக்கும் போன் செய்து கேட்டேன். ஆஸ்பிரின்தான் என்றார்.

நடவு நாட்களில் அந்த மாத்திரை இல்லாமல் எங்கள் தெருவில் யாரும் வயலில் இறங்குவதில்லை. அதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதும் இல்லை, டீ மாதிரி அதுவும் ஒன்று. அந்தத் தெருவில் பிறந்து, எத்தனையோ முறை நானே கடைக்கு ஓடி அதை வாங்கிவந்தவன். கேட்க வேண்டிய இடத்தில் புத்தகத்தில் இருந்ததை மட்டும் கேட்டுவிட்டு நின்றிருக்கிறேன்.

மேடம் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ஆஸ்பிரினோட வேகம் அடங்க அவ்வளவு நாளாகும், பத்து நாள் மாத்திரை போடாம இருந்துட்டு வரச் சொல்லுங்க," என்றார்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். எல்லோரும் வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து வீட்டு அத்தை டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்ப எங்க ரத்தத்த என்னடா பண்ணுன?"

"பிளீச்சிங் ஊத்திக் கொட்டிட்டோம், அத்தை."

"அடப்பாவி! ஆட்டு ரத்தமா இருந்தா பொரியலாவது ஆயிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே பத்து நாள் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். சிரிப்பு நின்றது.

"மாத்திரை இல்லாம பத்து நாளா?" என்றாள் அத்தை. "ஒரு நாளு நீ குனிஞ்சு நட்டுப் பாருடா. சாயங்காலம் உன்னத் தூக்கிட்டுப் போவ நாலு பேரு வேணும்."

அம்மா மட்டும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, மாத்திரை மடித்த காகிதத்தை என் கையில் வைத்தாள். "நான் போடலப்பா. பத்து நாளுதானே." எழுந்திருக்கும்போது ஒரு கையை இடுப்பில் கொடுத்துத்தான் நிமிர்ந்தாள்.

காகிதத்தை அவள் கையிலேயே திணித்தேன். "வேண்டாம்மா. நடவெல்லாம் முடியட்டும். மேடத்துக்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"உன் படிப்பு தள்ளிப்போவாது?"

"போனா போவட்டும்."

"என்னாலதான் எல்லாம் கெட்டுச்சு."

"இல்லம்மா, நான்தான் கேக்கல. கேட்டிருந்தா நீ சொல்லியிருப்ப."

"போடா, படிச்ச புள்ள கேக்காம இருப்பியா? நீ கேட்டிருப்ப, எனக்குத்தான் வெளங்கியிருக்காது," என்று சொல்லிவிட்டு அம்மா சேற்றில் இறங்கினாள்.