வண்டி வராத பதினோரு நாள்

அவிநாசிபாளையத்துக்குக் கிழக்கே பொன்னாத்தாள் நாலாயிரம் கறிக்கோழி வளர்த்தாள். கொட்டகையும் உழைப்பும் அவளுடையவை. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையவை. நாற்பத்திரண்டாம் நாள் லாரி வந்து கோழிகளைப் பிடித்துப் போகும். அவளுக்கு வளர்ப்புக் கூலி கிடைக்கும்.

2006 பிப்ரவரியில், நாற்பத்திரண்டாம் நாள் லாரி வரவில்லை. மகாராஷ்டிராவில் பறவைக் காய்ச்சல் என்று டி.வி.யில் சொன்னதிலிருந்து கறிக்கடைகளில் ஈ ஓட்டினார்கள்.

"வண்டி எப்பங்க தம்பி வரும்?" என்று கம்பெனி சூப்பர்வைசர் தரணீதரனிடம் கேட்டாள்.

"ரெண்டு நாள் பொறுங்கக்கா. ஒரு கோழியக்கூட வெளிய குடுத்துராதீங்க."

பக்கத்துத் தோட்டத்துச் சுப்பண்ணன் சொந்தமாகக் கோழி வளர்த்தவர். கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, பெரும் நஷ்டத்தோடு கொட்டகையைப் பூட்டினார். "எனக்கு நட்டம்தான், ஆனா தொல்லை விட்டுது அம்மிணி. நீ என்ன பண்ணப்போற?" என்றார்.

நாற்பத்தாறாம் நாள் தீவனம் தீர்ந்தது; கம்பெனி மேற்கொண்டு அனுப்பவில்லை. பசியில் கோழிகள் ஒன்றையொன்று கொத்தின. விற்க வைத்திருந்த மக்காச்சோளத்தை அரைத்துப் போட்டாள். மாசி வெயிலில் கனத்த கோழிகள் தினமும் சுருண்டு விழுந்தன. குழி தோண்டிப் புதைக்கும்போதெல்லாம், வெயிலா, அந்த நோயா என்று பயந்தாள்.

நாற்பத்தெட்டாம் நாள் கணவன் கிட்டுசாமிக்குக் காய்ச்சல் வந்தது. அவனுக்கு எப்போதும் உள்ள மூச்சிரைப்பும் கூடியது. ஆஸ்பத்திரியில் "ஊட்டுல கோழி வளக்கறீங்களா?" என்று நர்ஸ் கேட்டதும் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து தள்ளி நின்றார்கள். பொன்னாத்தாள் சேலைத் தலைப்பில் கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். வழக்கமான நெஞ்சுச்சளிதான் என்று டாக்டர் சொன்ன பிறகும் அன்று அவளால் சோறு உண்ண முடியவில்லை.

ஐம்பத்து மூன்றாம் நாள் லாரி வந்தது. செத்தவை போக மிஞ்சியதற்குத்தான் கூலி. அவள் போட்ட சோளத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

கோழி விலை விழுந்த நஷ்டம் அவள் தலையில் விழவில்லை. ஆனால் கம்பெனி நான்கு மாதம் குஞ்சு இறக்கவில்லை. பொன்னாத்தாள் பஸ் ஏறி, திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு நூல் வெட்டப் போனாள்.

ஆனி மாதம் தரணீதரன் புது ஒப்பந்தத்தோடு வந்தான்.

"வண்டி வார வரைக்கும் தீவனம் கம்பெனி பொறுப்புன்னு இதுல எழுதுங்க தம்பி."

"அச்சடிச்சதுங்கக்கா. நான் மாத்த முடியாதுங்க."

கட்டிலில் இருமிக்கொண்டிருந்த கிட்டுசாமியைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள். குஞ்சுகள் இறங்கின. கிட்டுசாமி பகலில் தண்ணீர் வைத்துப் பார்த்துக்கொண்டான். அவள் பனியன் கம்பெனி வேலையை விடவில்லை.