செதுக்கிய சரிவு

“நாலு எழுத்து இங்கிலீசு படிச்சிட்டா மலையப் பத்தி எனக்கே சொல்லுவியா, புள்ள?” என்று அப்பா கேட்டார். கூட நின்ற வேலையாட்கள் சிரித்தார்கள்.

தண்ணீர்மலைக்கு மேலே இருந்த நீர்த்தேக்கத்தில் அப்பா மண்டோர். ஆட்களை வைத்துச் சரிவுகளையும் கால்வாய்களையும் பராமரிப்பது அவர் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரையின் ஆங்கிலக் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன். அன்று வந்த கடிதத்தில், பட்டணத்துக்குத் தண்ணீர் போகும் நீர்த்தேக்கக் குளத்துக்கு மேலுள்ள சரிவில் படர்ந்த புல்லையும் கொடியையும் தொடக்கூடாது, அவைதான் மண்ணைப் பிடித்துக்கொண்டு மழைநீரை மெல்ல இறங்கவிடுகின்றன என்று இருந்தது.

அப்பா நம்பவில்லை. அவர் ரப்பர் தோட்டத்தில் வேலை பழகியவர். அங்கே மரத்தடியில் ஒரு புல் தெரிந்தாலும் ஏச்சு விழும். வெறும் செம்மண் தெரிந்தால்தான் நல்ல வேலை.

“புல்லு மண்டிக் கெடந்தா தொரை என்னியத்தான் சோம்பேறிம்பாரு. ஒனக்குச் சரியா வாசிக்கத் தெரியல லா.”

அது என்னைச் சுட்டது. இன்னொரு முறை வாசித்து விளக்கியிருக்கலாம். வாசிக்கத் தெரியாது என்றவருக்கு மறுபடியும் வாசிப்பதா என்று கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம், வாசலைச் செதுக்குவது போலச் சரிவு முழுவதையும் மண்வெட்டியால் செதுக்கினார்கள். அப்பா என்னை அழைத்துப் போய்க் காட்டினார். “பாத்தியா? பாய் விரிக்காமலே படுக்கலாம்.”

பண்டிகை முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. முதல் நாள் சரிவில் விரல் ஆழத்துக்குக் கீறல்கள். மூன்றாம் நாள் அவற்றில் ஆள் இறங்கி நிற்கலாம். குளம் செங்கல் கரைத்ததுபோல் ஆனது. பட்டணத்துக் குழாய்களில் சேறு வந்தது. விசாரிக்க வந்த துரையிடம் அப்பா, “எம் மக படிச்சுச் சொன்னா, நாந்தான் கேக்கல” என்றார். அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவளும் நான்தான். பாதிதான் சொல்ல முடிந்தது.

வேலை போயிற்று. மாதக் கடைசியில் வேலையாட்களுக்கான வீட்டையும் விட வேண்டும். அம்மாவும் நானும் ஓடைக்கரைப் புல்லை வேரோடு பெயர்த்துச் சரிவில் நட்டோம். அடுத்த மழையில் போய்விட்டது. வேர் பிடிக்க அங்கே மண் இல்லை, பாறைதான் மிச்சம். அப்பா இப்போது மலைப் பக்கம் முகம் திருப்புவதே இல்லை.

புது மண்டோரும் தோட்டத்து ஆள். அவர் கையிலும் ஆங்கிலக் கடிதம். நேற்று அவருடைய ஆட்கள் பக்கத்துச் சரிவின் ஓரத்தைச் செதுக்க ஆரம்பித்திருந்தார்கள். கடிதத்தை வாங்கி, இதிலும் புல்லைத் தொடக்கூடாது என்றுதான் இருக்கிறது என்று தமிழில் சொன்னேன். “வேலைய வுட்டு நீக்கின மண்டோர் மக தானே நீ?” என்று சிரித்துவிட்டு அவர் போனார்.

அப்பாவின் வேலையைத் திருப்பிக் கேட்டுத் துரைக்கு நான் எழுதி வைத்திருந்த மனுவைக் கிழித்துவிட்டேன். இனி வரும் உத்தரவுகளைத் தமிழிலும் எழுதி, ஆட்களைக் கூட்டி வாசிக்க வேண்டும் என்று வேறொன்று எழுதினேன். பக்கத்துச் சரிவில் இன்றே வேலையை நிறுத்தச் சொல்லி அதன் முதல் வரியாகச் சேர்த்தேன். இன்று காலை துரையின் அலுவலகம் திறந்ததும் கொடுத்துவிட்டு வந்தேன்.