ஈறும் சிவப்புச் சிரப்பும்

எழுபதுகளின் கடைசியை நினைத்தால் எனக்கு எல்லாமே நுரைக்குள்தான் தெரிகிறது. பள்ளியில் இடைவேளை முடிந்ததும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குவளையும் பிரஷுமாக லோங்கான் என்ற வடிகால் ஓரம் வரிசையாகக் குந்துவோம். ஆசிரியை எண்ண எண்ணப் பல் தேய்த்து, அந்தக் கால்வாயிலேயே துப்புவோம். நுரை மெதுவாக மிதந்து போகும். அது கடல்வரை போய்ச் சேரும் என்று நம்பிக்கொண்டு, வெயிலில் கண் சொருக உட்கார்ந்திருப்பேன். மற்ற பிள்ளைகளின் நுரை வெள்ளை. என்னுடையது மட்டும் ரோஜா நிறம். எனக்கு அது அழகாகத்தான் இருந்தது.

வகுப்பிலேயே குண்டுப் பெண் நான். அம்மாவுக்கு அதில்தான் பெருமை. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் பெண்கள் என் கன்னத்தைக் கிள்ளி, "நல்லா வளத்துருக்கீங்க லா" என்பார்கள். வீட்டுக்கு வந்ததும், கண் பட்டிருக்கும் என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவாள். அதைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு அக்கா இருந்தாளாம். எலும்பும் தோலுமாக மெலிந்து, நான் பிறக்கும் முன்பே போய்விட்டாள். அதனால் அம்மாவுக்குச் சதைதான் உயிர்.

ஒரு நாள் நான் கடித்த டின் பால் தடவிய ரொட்டியில் ரத்தக் கறையை அம்மா பார்த்துவிட்டாள். தேய்ப்பதால்தான் ரத்தம் வருகிறது என்று முடிவு கட்டி, பிரஷைப் பிடுங்கிவிட்டாள். பள்ளியிலும் வாய் மட்டும் கொப்பளிக்க உத்தரவு. போன ரத்தம் ஊற வேண்டுமே! செராங்கூன் சாலைக் கடையிலிருந்து சிவப்புச் சிரப் வந்தது, பேரீச்சம்பழம் வந்தது. சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாகும் என்பது அம்மாவின் வைத்தியம். பக்கத்து மில்லில் மிளகாய் அரைக்கும் வாசம் வரும் ஜன்னலில் சாய்ந்து, அரைத் தூக்கத்தில் அதைக் குடித்துக்கொண்டே இருந்தேன். சொர்க்கம்தான். ஈறு இன்னும் வீங்கியது. நானும்தான்.

பள்ளியில் பல் பார்க்கும் தாதி அம்மாவை வரச்சொன்னார். சீனப் பெண்மணி. மலாயில் பொறுமையாக விளக்கினார். ரத்தம் வரும் இடத்தில்தான் மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஈறையும் உடம்பையும் கெடுப்பது ஒரே இனிப்புதான். அதைக் குறைத்து, எடையையும் குறைத்தால் பிள்ளை தேறுவாள் என்றார்.

வீடு திரும்பி, எங்கள் கடைவீட்டு மாடிப்படியில் ஏறும்போது அம்மா நின்றாள்.

"மெலிஞ்ச புள்ளைய ஒரு தடவ குழிக்குள்ள வச்சுட்டேன். இன்னொரு தடவ என்னால முடியாது."

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. "பல்லெல்லாம் விழுந்துருமாம்மா?" என்று அழுதேன். வாயைத் திறக்கச் சொல்லி ஈறைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ரத்தம். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை சிரப் இல்லை, கஞ்சி. பக்கத்தில் உட்கார்ந்து அவளே தேய்த்துவிட்டாள். வலித்தாலும் வாயை மூடாமல் இருந்தேன். சில வாரங்களில் ரத்தம் நின்றது.

ஆண்டு முடிவதற்குள் சீருடை தொளதொளத்தது. கோயில் வாசலில் ஒருத்தி, "என்னக்கா, புள்ள இப்படி எளச்சிருச்சு? சாப்பாடு போடறதில்லயா?" என்று கேட்டாள். அம்மா வீட்டுக்கு வந்து, சீருடையின் இடுப்பைப் பிடித்துத் தைக்க உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்கும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே தைத்து முடித்தாள்.