நரசிம்மலு வார்த்த கூட்டுப்புழு

நரசிம்மலுவிடம் ஒட்டகச்சிவிங்கி கேட்டால் ஒட்டகச்சிவிங்கிதான் கிடைக்கும். இதைப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத் தாளாளர் சிரமப்பட்டுத்தான் கற்றுக்கொண்டார். வாசல் வளைவுக்கு அடியில் நிறுத்த வசதியாகப் பொம்மையின் கழுத்தைக் கொஞ்சம் குறைத்துத் தரச் சொன்னார் அவர். "கழுத்தைக் கொறைச்சா அது கழுதைங்க. கழுதைதான் வேணும்னா சொல்லுங்க, அதுக்கு அளவு வேற" என்றார் நரசிம்மலு. ஆர்டர் போயிற்று. அந்த ஒட்டகச்சிவிங்கி இன்றைக்கும் அவர் பட்டறையில்தான் நிற்கிறது. கூரைத் தகரத்தை வெட்டி அதன் தலைக்கு வழிவிட்டிருக்கிறார். மழை பெய்தால் கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்கி, பக்கத்தில் இருக்கும் என் லேத் பட்டறை மோட்டாரைத் தேடி வரும். ஆகவே அவருடைய கொள்கைப் பிடிப்பைப் பற்றிப் பேச எனக்கு முழு உரிமை உண்டு.

பவுண்டரியில் இரும்பு வார்க்க மரத்தில் பேட்டர்ன் அடித்துப் பழகிய கை அவருடையது. இப்போது பைபரில் பொம்மை செய்கிறார். கல்யாண மண்டபத்துக்குப் பசு, பூங்காவுக்கு மான், ஜவுளிக்கடை வாசலுக்குக் கும்பிடும் பெண். வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள். மானின் கணுக்கால் சரியாக மடங்குகிறதா என்று ஒருவரும் பார்த்ததில்லை. அந்த வருத்தம் அவருக்குள் வெகுநாளாக இருந்தது.

அப்போதுதான் தாராபுரம் பக்கமிருந்து தென்னை விவசாயிகள் சங்கம் ஒன்று வந்து சேர்ந்தது. தோப்புகளில் சிவப்புக் கூன்வண்டு புகுந்து மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்த நேரம். வண்டை ஒழிப்பதற்கு முன்னால் அதற்குச் சிலை வைத்துவிடுவது என்று சங்கம் முடிவு செய்திருந்தது. நம் ஊரில் எந்தக் காரியத்துக்கும் சிலையில்தானே தொடக்கம்! கண்காட்சியில் வைக்கப் புழு ஒன்று, கூட்டுப்புழு ஒன்று, வண்டு ஒன்று, எல்லாம் ஆள் உயரத்துக்கு.

கூடவே மோகனப்பிரியா என்ற பெண் வந்திருந்தாள். பூச்சியியல் படித்தவள். இரண்டு கண்ணாடிப் பாட்டில்களை மேசை மேல் வைத்தாள். ஒன்றில் பருத்த புழு. இன்னொன்றில் தேங்காய் நாரை முறுக்கிச் சுற்றியது போல ஒரு கூடு.

"வண்டு கண்ணுல படறப்ப மரத்தோட கதை முடிஞ்சிருக்குங்க. அம்மா வண்டு மூக்கால ஓட்டை போட்டு முட்டை வெச்சுட்டுப் போயிரும். புழு உள்ளயே இருந்து தின்னும். வெளிய மரம் பச்சையா நிக்கும். அதனால சனங்க இந்த ரெண்டையுந்தான் அடையாளம் தெரிஞ்சுக்கோணும்."

நரசிம்மலு அளவெடுக்கும் வெர்னியரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். புழுவுக்குக் காலே கிடையாது. நடுவில் பருத்து, இரு முனையிலும் ஒடுங்கி, பாலாடை நிறத்தில் மடிப்பு மடிப்பாக இருந்தது. தலை மட்டும் பழுப்பு, கெட்டியான தாடை. சாப்பாட்டுக்குள்ளேயே குடியிருப்பவனுக்குக் கால் எதற்கு? தின்று முடித்ததும் மென்ற நாரையே உடம்பைச் சுற்றி முறுக்கிக் கூடு கட்டிக்கொள்ளும். அதற்குள் தோலை உரித்துவிட்டுக் கூட்டுப்புழுவாகிவிடும்.

மோகனப்பிரியா கூட்டைப் பிரித்துக் காட்டியபோது நானும் எட்டிப் பார்த்தேன். வெளிறிய மெழுகு நிறத்தில் ஒரு சின்ன உருவம். நீண்ட மூக்கு வளைந்து மார்பின் மேல் படிந்திருந்தது. கால்கள் மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருந்தன. இறக்கை உறைகள் இரண்டு பக்கமும் மடிந்து தொங்கின. கீழே வளையம் வளையமாக வயிறு. தின்னாமல், நடக்காமல், யாரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது. எனக்கு ஏதோ தோன்றியது. சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பாட்டில்கள் வீட்டுக்குப் போய்ப் பூண்டு ஊறுகாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தன. "ஊறுகாயில புழு வந்தா ஊரெல்லாம் தூக்கி எறியும். என்ற ஊட்டுல புழுவையே பாட்டில் போட்டு வெக்கறாங்க" என்று அவர் மனைவி ராமாமணி தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். நரசிம்மலு அசையவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, அளவு சரியாக இருந்தே தீர வேண்டிய ஒரு பொம்மை கிடைத்திருக்கிறது என்ற சந்தோஷம் அவருக்கு.

"ஒரு விவசாயி, ஒரே ஒருத்தரு, தோப்புல இதைப் பாத்த ஒடனே 'அட, இவனா!'ன்னு கண்டுபுடிச்சாப் போதுங்க தம்பி" என்றார் என்னிடம். "அப்ப நான் செஞ்ச வேலைக்கு ஒரு அர்த்தம் இருக்கும்."

சங்கத்துச் செயலாளர் அங்கப்பன் பாதி வேலையில் வந்து பார்த்தார்.

"ஏனுங்ணா, புழுவுக்குக் காலையே காணமுங்களே?"

"இல்லீங்க."

"சங்கத்து மரியாதைக்காவது ஒரு நாலு கால் வெச்சிருங்க. மொண்டிப் புழுவக் கொண்டாந்து நிறுத்துனா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

நரசிம்மலு ஒட்டகச்சிவிங்கியை நிமிர்ந்து பார்த்தார். அங்கப்பனும் பார்த்தார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

கண்காட்சி நன்றாகவே நடந்தது. பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. விளம்பரப் பலகையில் பூச்சியின் பெயரைவிட உபயம் செய்தவர்களின் பெயர்கள் பெரிதாக இருந்தன. முடிந்ததும் மூன்று சிலைகளையும் எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. புழுவை ஒரு பள்ளிக்கூடம் கேட்டு வாங்கி, பிள்ளைகளுக்குச் சறுக்காக்கிக்கொண்டது. வண்டின் மூக்கைச் செல்பி எடுக்கப் போன கூட்டம் முறித்துப் போட்டது. கூட்டுப்புழுவைத் தாராபுரம் சாலையில் ஒரு ஊர் முச்சந்தியில், அரசமரத்தடியில் இறக்கிவிட்டுப் போனார்கள். உபயதாரர் ஒருவரின் பட்டப்பெயர் விட்டுப்போயிற்றென்று பலகையை மட்டும் திருத்தக் கொண்டுபோனார்கள். அது திரும்பவே இல்லை.

அரசமரத்தடி, மார்பில் படிந்த நீண்ட மூக்கு, பக்கவாட்டில் தொங்கும் காது போன்ற உறைகள், பெருவயிறு. பலகையும் இல்லை. இதற்கு மேல் நம் சனங்களுக்கு என்ன வேண்டும்? முதல் வாரம் யாரோ சந்தனம் வைத்தார்கள். அடுத்த வாரம் வேட்டி கட்டினார்கள். மாதம் திரும்புவதற்குள் தகரக் கொட்டகை, உண்டியல், 'தென்னை விநாயகர்' என்று பெயர். தென்னையைக் குடைந்து தின்னவென்றே பிறந்த ஜீவனுக்கு முன்னால் தினம் சிதறுகாய் உடைந்தது.

செய்தி பட்டறைக்கு வந்தபோது நரசிம்மலுவின் முகம் செங்கல் நிறமானது. "மூக்கை அறுத்துப் போட்டுட்டுத்தான் மறுவேலை" என்று கட்டிங் மெஷினைத் தூக்கி என் டாடா ஏஸ் வண்டியில் போட்டார். தனியாக விட்டால் கலவரமாகிவிடும் என்று நானே ஓட்டிக்கொண்டு போனேன்.

முச்சந்தியில் இறங்கியதும் ஒருவர் ஓடி வந்து நரசிம்மலுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஆறுச்சாமி என்று பெயர். கண்காட்சியில் இவரைப் பார்த்த ஞாபகமாம். அந்த ஊரில் தோப்பு வைத்திருக்கிறார். தோப்பை நம்பித்தான் குடும்பம்.

"சாமி செஞ்ச கைங்க இது" என்றார், கண் கலங்க.

"அது சாமி இல்லீங்க. வண்டோட கூட்டுப்புழு. உங்க மரத்தைத் திங்கறது அதுதான்."

ஆறுச்சாமி சிரித்தார். பெரியவர்கள் தன்னடக்கமாகப் பேசும்போது சிரிக்கும் சிரிப்பு. "நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க. ஆனா எனக்குக் காட்டிக் குடுத்துட்டாருங்க. போன மாசம் ஒரு மரம் சாஞ்சுபோச்சு. பொளந்து பாத்தா நாருக் கூடு. பிரிச்சா, உள்ள அச்சு அசலா இவருதானுங்க! மூக்கு, கை, வயிறு, ஒரு நூல் பெசகு இல்லீங்க. பாத்த ஒடனே கண்டுபுடிச்சுட்டனுங்க."

நரசிம்மலு என்னைப் பார்த்தார். அவர் கேட்ட அந்த ஒரே ஒரு விவசாயி கிடைத்துவிட்டார்.

"கண்டுபுடிச்சு என்ன பண்ணுனீங்க?"

"நாரை மறுபடியும் சுத்தி, நல்ல மரமாப் பாத்து மட்டை இடுக்குல பத்திரமா வெச்சுப்போட்டனுங்க. பாலும் ஊத்தினனுங்க."

எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தோப்புக்குப் போனோம். ஆறுச்சாமி வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். கூடு வைத்த மரம் குட்டையானது, கைக்கு எட்டியது. நரசிம்மலு மட்டை இடுக்கில் கைவிட்டு எடுத்தார். ஒரு முனையில் வட்டமாக ஓட்டை. உள்ளே ஒன்றும் இல்லை.

"பொறப்பட்டுட்டாருங்க" என்று ஆறுச்சாமி அந்த ஓட்டையைக் கும்பிட்டார்.

நரசிம்மலு கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் சுற்றி நடந்து, பிசின் வடிந்து காய்ந்திருந்த இன்னொரு மரத்தில் காதை வைத்தார். பிறகு ஆறுச்சாமியின் தோளைப் பிடித்து, அவர் காதை அதே இடத்தில் வைத்தார்.

வெகுநேரம் கேட்டார் ஆறுச்சாமி. கறக், கறக் என்று எனக்கே கேட்டது. அவர் முகத்தில் இருந்த ஒளி மெல்ல இறங்கியது. அடுத்த மரத்துக்குப் போனார், அதற்கடுத்ததற்கும் போனார். திரும்பி வந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"பூராத்துலயும் திங்குதுங்க" என்றார்.

நரசிம்மலு மோகனப்பிரியாவுக்குப் போன் போட்டு விவரம் சொன்னார். மறுநாள் காலையிலேயே ஆட்களோடு வருவதாக அவள் சொன்னாள். உயிர் போன மரங்களை வெட்டிப் பிளந்து எரிக்க வேண்டும், மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம். எத்தனை மிஞ்சும் என்று ஆறுச்சாமி கேட்டார். பிளந்து பார்த்தால்தான் தெரியும் என்றாள் அவள்.

திரும்பும்போது முச்சந்தியில் வண்டியை நிறுத்தச் சொல்லி ஆறுச்சாமி இறங்கினார். கொட்டகைக்கு முன்னால் நின்று கையிலிருந்த தேங்காயை ஓங்கி உடைத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"அந்தப் புழு பூராச் சாகோணுஞ் சாமி. என்ற தோப்பைக் காப்பாத்திக் குடு."

கட்டிங் மெஷின் வண்டியில்தான் கிடந்தது. நரசிம்மலு அதைப் பார்த்தார், தான் வார்த்த மூக்கைப் பார்த்தார், அதன் காலடியில் விழுந்து கிடந்த மனிதரைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அவர் பக்கத்தில் நின்றார்.