கூரை தொடாத சுவர்

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு மாசி மாதம். கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; அங்கே வளப்பூர் நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் நானும் என் மகளும் குடியிருந்தோம். நான் கால்நடைத் துறையில் ஆய்வாளர். ஆட்டுக்கு ஊசி போடுவது, வாயைத் திறக்கவே மாட்டேன் என்று நிற்கும் எருமைக்கு மருந்து ஊட்டுவது, இதுதான் வேலை. நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் மலையில் எல்லாருக்கும் நான் டாக்டரம்மாதான். சொந்த ஊர் மயிலாடுதுறைப் பக்கம். கணவருக்கு அங்கேயே வேலை. மகள் மட்டும் என்னோடு மலைக்கு வந்து, அங்கிருந்த அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

மலையில் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. தாங்கள் இருப்பதற்குத்தான் வீடு கட்டுவார்களே தவிர, வாடகைக்கு விடக் கட்டுவதில்லை. மிளகும் பலாவும் வைத்திருந்த ஒரு விவசாயி, தன் நீளமான ஓட்டு வீட்டை நடுவில் ஒரு சுவர் எழுப்பி இரண்டாக்கி, ஒரு பாதியை எங்களுக்குக் கொடுத்தார். அந்தச் சுவர் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம்தான் இருக்கும். கூரையைத் தொடாது. செங்கல் தீர்ந்துபோனதோ, பொறுமை தீர்ந்துபோனதோ, அப்படியே விட்டுவிட்டார்.

முதல் வாரம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். இந்தப் பக்கம் கருவாடு வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். ஆனால் மெல்ல மெல்ல அந்தச் சுவர்தான் எங்களுக்குக் கடைத்தெரு, தபால் ஆபீஸ் எல்லாமே ஆனது. ஓனரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "ஏனுங்க டாக்டரம்மா, புடிங்க" என்று குரல் வரும். அண்ணாந்து பார்த்தால் சுவருக்கு மேலே ஒரு கூடை தொங்கும். ஒரு நாள் பலாச்சுளை, ஒரு நாள் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு. நான் சும்மா விடுவேனா? முறுக்கு சுட்டுத் திருப்பி அனுப்புவேன்.

அக்கா பள்ளிக்கூடம் போனதில்லை. என் மகளோ வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்கிற ரகம். அவள் சமூக அறிவியல் படிக்க ஆரம்பித்தால் அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். உலகப் போர் பாடம் ஓடிய நாட்களில் அக்கா தினமும் சுவருக்கு மேலே கேட்பார், "அந்தச் சண்டை முடிஞ்சுதா கண்ணு?" இன்னும் இல்லை என்று மகள் சொன்னால் உச்சுக் கொட்டுவார்.

ஓனரும் கெட்ட மனிதர் இல்லை. அதிகம் பேசமாட்டார், அவ்வளவுதான். ஆனால் அந்த வருஷம் மலைக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கூட்டம் கூடிக்கொண்டே போனது. கீழேயிருந்து வந்த ஒரு புரோக்கர் அவரைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் இருந்த பாதியைக் காட்டேஜாக மாற்றினால் சீசனில் கொட்டும் என்று ஆசை காட்டிவிட்டான். சித்திரைக்குள் பெயின்ட் அடித்துத் தயாராக வேண்டுமாம். ஒரு நாள் ஓனர் வாசலில் நின்று, இந்த வாரமே வீட்டைக் காலி பண்ணிக் கொடுங்க என்றார். பிள்ளைக்குப் பரீட்சை வருகிறது, முடிந்ததும் நானே வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். மனிதர் மசியவில்லை.

அடுத்து குழாயில் தண்ணீர் நின்றது. அக்கா வாய் திறக்காமல் சுவருக்கு மேலே குடத்தை நீட்டினார். பிறகு ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார் ஓனர். மகள் பகல் வெளிச்சத்திலேயே படித்து முடித்துக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனாலும், அடுத்தவர் வீட்டில் இருந்துகொண்டு நாம் என்ன பேச முடியும் என்ற நினைப்பு என்னைத் தடுத்தது. கூட வேலை செய்தவர் ஒருவர், கீழே கோர்ட்டில் இலவச சட்ட உதவிக்கு வரும் பெண் வக்கீலின் போன் நம்பரைக் கொடுத்திருந்தார். வம்பு வேண்டாம் என்று பேசாமல் வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலையிலேயே எடப்புளி நாட்டுக்கு ஆடுகளுக்குத் தடுப்பூசி போடப் போய்விட்டு, மதியத்துக்கு மேல் திரும்பி வந்தால், கதவில் புத்தம் புதுப் பூட்டு. அந்த ஊரில் யாரும் வீட்டைப் பூட்டியே நான் பார்த்ததில்லை. தாழ்ப்பாளில் ஒரு குச்சியைச் செருகிவிட்டுக் காட்டுக்குப் போய்விடுவார்கள். பள்ளியிலிருந்து வந்த மகள் வாசல் மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அன்றைக்கு மாதிரிப் பரீட்சை என்று பேனாவை மட்டும்தான் எடுத்துப் போயிருந்தாள்; புத்தகம், நோட்டு எல்லாம் உள்ளே.

ஓனர் அங்கேயே நின்றிருந்தார். சாமானை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இப்போதே திறந்துவிடுகிறேன், வண்டிகூட நானே பிடித்துத் தருகிறேன் என்றார். உண்மையைச் சொல்கிறேன், சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். மகள் முகத்தைப் பார்த்ததும்தான் தள்ளிப் போய் அந்த நம்பருக்குப் போன் போட்டேன்.

வக்கீல் பதற்றமே இல்லாமல் கேட்டுக்கொண்டார். வீடு அவருடையதாகவே இருந்தாலும், கோர்ட் உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது, பூட்டுவதும் தண்ணீர் கரண்டை நிறுத்துவதும் தப்பு என்றார். நான் பூட்டையும் உடைக்கக் கூடாதாம். நேரே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கடைசியாக ஒன்றை அழுத்திச் சொன்னார்.

"சாமானை மட்டும் எடுத்துடாதீங்க. எடுத்தா நீங்களே காலி பண்ணிட்டீங்கன்னு ஆயிடும்."

திரும்பி வந்தால், மகள் கையில் புத்தகப் பை இருக்கிறது! சுவரில் ஆணியில் மாட்டியிருந்த பையை, அக்கா அந்தப் பக்கம் நின்று, ஆட்டுக்குப் பலா இலை இழுக்கும் துரட்டியால் கோத்துத் தூக்கி, தன் வாசல் வழியாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இன்னும் என்ன வேணும் சொல்லுங்க, எடுத்துத் தர்றேன் என்று மெல்லிய குரலில் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எதையும் எடுக்காதீங்க அக்கா, எல்லாம் வெளியே வந்துவிட்டால் நான் வீட்டைவிட்டுப் போய்விட்டதாக ஆகிவிடுமாம் என்று வக்கீல் சொன்னதைச் சொன்னேன். "அப்படீங்களா" என்றார். உடனே உள்ளே போய்விட்டார். பூட்டியது அவர் கணவர்தானே, அக்காவும் என்ன செய்வார் என்று நினைத்தேன். ஆனாலும் மனசு வலித்தது.

பஸ் பிடித்து ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே முதலில், இது உங்களுக்குள்ளே பேசித் தீர்க்கிற விஷயமாச்சே என்று இழுத்தார்கள். வக்கீலுக்குப் போன் போட்டு ஏட்டய்யாவிடம் கொடுத்தேன். வக்கீல் என்ன சொன்னாரோ, மனு எழுதிக் கொடுத்ததற்கு ரசீதும் வந்தது, ஏட்டய்யாவும் ஜீப்பில் எங்களை ஏற்றிக்கொண்டு வந்தார். வெயில் தாழ்ந்து குளிர ஆரம்பித்திருந்த நேரம். ஊர்க்காரர்கள் சிலர் வேலியோரம் வந்து நின்றார்கள்.

ஓனர் அசரவே இல்லை. எங்களைக் கைகாட்டி ஏட்டய்யாவிடம் சொன்னார், "அவுங்களே காலி பண்ணிட்டாங்க சார். பாருங்க, பையெல்லாம் கையில வெச்சிருக்குது பொண்ணு. ஊடு சும்மாதானுங்க கெடக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாசத்தில் எடுத்துக் கொடுத்த அந்தப் பையே எங்களுக்கு வினையாகிவிட்டது. ஏட்டய்யா மகள் கையிலிருந்த பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் மகள் என் சேலையைப் பிடித்து இழுத்து, மேலே பார் என்றாள்.

எங்கள் பாதி வீட்டின் ஓட்டு இடுக்குகளிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. குளிக்க வெந்நீர் வைக்க நான் பயன்படுத்தும் விறகு அடுப்புக்கு நேர் மேலே. ஈர விறகின் புகை, கூடவே சாமை வேகும் வாசனை. கதவில் பூட்டு அப்படியே தொங்குகிறது.

ஏட்டய்யா தொப்பியைக் கழற்றினார். "காலி வீட்ல யாருய்யா சமைக்கிறது?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நாந்தானுங்க. டாக்டரம்மா ஊட்டுல, டாக்டரம்மா அடுப்புல ஒலை வெச்சிருக்கறனுங்க. காலியான ஊட்டுல ஒலை கொதிக்குமுங்களா?"

வேலியோரம் நின்றவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். நான் அழுதுவிட்டேன். ஆட்டுக்கல் மேல் ஏறி, அந்தச் சுவரைத் தாண்டி, திருடன்கூட யோசிக்கும் வேலையை அக்கா தன் சொந்த வீட்டிலேயே செய்திருக்கிறார்.

ஏட்டய்யாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் கறாராகவே சொன்னார். வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்கிக்கொண்டு வா, அதுவரைக்கும் இது அவங்க இருக்கிற வீடு, தண்ணியும் கரண்டும் இன்னைக்கே வரணும், இப்போ பூட்டைத் திற என்றார். ஓனர் மடியிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். உள்ளே அக்கா, முழங்கையெல்லாம் சிராய்ப்பு, சேலையெல்லாம் சுண்ணாம்பு. கணவரைப் பார்த்துப் பயந்தாரா என்றால், பயந்துதான் நின்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல" என்றார் ஓனர்.

"சொன்னேன். தண்ணியை நிறுத்துனப்பவே சொன்னேன். நீங்க காதுல வாங்கல."

அவர் வெளியே போய்விட்டார். அக்கா தட்டை எடுத்து என் மகளுக்குச் சோறு போட்டார். பிறகு எதுவுமே நடக்காதது மாதிரி, "படி கண்ணு, அந்தச் சண்டை பாதியில நிக்குது" என்றார்.

மகள் அங்கிருந்தே பரீட்சை எழுதினாள், நன்றாகவே எழுதினாள். எனக்கு மாறுதல் வரும்வரை அந்த வீட்டில்தான் இருந்தோம். கிளம்பும் நாளில் ஓனர் ஒரு பெரிய பலாப்பழத்தைத் தோளில் தூக்கிவந்து பஸ்ஸில் என் காலடியில் வைத்தார். பஸ் கிளம்பும்போதுதான் இறங்கிப் போனார்.

இப்போது சமவெளியில் அடுக்குமாடியில் இருக்கிறோம். எல்லாச் சுவரும் ஒழுங்காகக் கூரை வரை போகிறது. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. அக்கா எப்போதாவது போன் செய்வார். நாங்கள் இருந்த பாதி காட்டேஜ் ஆகிவிட்டதாம், நடுச் சுவரையும் கூரை வரை எழுப்பிவிட்டார்களாம். "அந்தப் பக்கம் யாரு வாராங்க, யாரு போறாங்கன்னே தெரியலீங்க டாக்டரம்மா. பேச்சுச் சத்தமே கேக்கறதில்லை" என்றார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அந்த வீட்டில் இருக்க எனக்கு உரிமை உண்டு என்று வக்கீல் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டு, பயத்தை மீறிச் சுவர் ஏறி வந்து எனக்காக என் அடுப்பைப் பற்ற வைத்தவரை நினைக்காமல், இன்றுவரை நான் என் வீட்டு அடுப்பைப் பற்ற வைத்ததில்லை.